கிணற்று வாளியும் பள்ளத்தாக்கும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ நதி யுகயுகமாய் அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கேன்யன் என்னும் மகா பள்ளத்தாக்கின் விளிம்பில் கூடாரமடித்துத் தங்கும் குடும்பத்தார், விடியற்காலைக் குளிர்ச்சியில் உற்சாகமாய்க் கீழே இறங்கத் தொடங்கும்போது, ஒரு விஷயத்தை மறந்துவிடுவதுண்டு. மலையில் சிரமம் முதலில், சுகம் பிறகு. பள்ளத்தாக்கிலோ சுகம் முதலில், சிரமம் பிறகு. கிணற்றில் வாளியை இறக்குவது யாருக்கும் எளிது. நிறைந்த வாளியை இழுக்கும்போதுதான் கை வலிக்கிறது. இறங்க ஒரு மணி நேரமானால், ஏற இரண்டு மணி நேரம் வேண்டும். கீழே போகப் போக உஷ்ணமும் அதிகம். ஆகையால், குழந்தைகளின் கால்கள் சோர்வதற்கு முன்பே, குப்பியில் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே திரும்பிவிடுவது விவேகம். இறங்குவது சுலபம், ஏறுவதை எண்ணியே இறங்க வேண்டும்.