கடல் யாருக்குச் சொந்தம்?

(ஒன்றுகூடல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படிச்சவன் சர்வதேசச் சட்டம் பத்திப் பேசறானேன்னு நினைப்பீங்க. எனக்குச் சோறு போடுவது கப்பல் எஞ்சின். அந்த வழியில் அறிமுகமானவர்தான் ஹாலந்துக்காரர் ஹ்யூகோ குரோஷியஸ். இவருக்கு முன்பே ஸ்பெயினில் விட்டோரியா எழுதியிருக்கிறார். ஆனால் எனக்குப் பிடித்த கதை இவருடையது.

1603-ல் சிங்கப்பூர் அருகே 'சாந்தா கத்தரினா' என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். உள்ளே சீனப் பட்டு, பீங்கான். எல்லாம் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. இது கொள்ளைதானே என்று சொந்த ஊரிலேயே முணுமுணுப்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 21 வயது வக்கீல் குரோஷியஸைப் பிடித்தது. காரியம் முடிந்த பிறகு காரணம் எழுதும் வேலை!

அவர் எழுதியதில் ஓர் அத்தியாயம், 1609-ல் ஆசிரியர் பெயரில்லாமல் 'சுதந்திரக் கடல்' என்று வெளிவந்தது. நிலம் மாதிரி கடலை யாரும் வேலி போட்டு வளைக்க முடியாது. ஜாவாவுக்கும் இலங்கைக்கும் சொந்த அரசர்கள் இருக்க, போர்த்துக்கீசியர் எப்படி உரிமை கொண்டாடலாம் என்பது வாதம்.

1613-ல் மனிதர் லண்டன் போனார், வாசனைத் தீவுகளில் டச்சுக்காரர் மட்டுமே வாங்கலாம் என்று வாதாட! ஆங்கிலேயர் அவர் புத்தகத்தையே எடுத்து அவர் முன்னால் நீட்டினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு நிறுவனத்துக்காக, பேரிங் தேய்ந்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தவன். பராமரிப்பே நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மறு வருஷம் இன்னொரு எஞ்சின் நின்றது. "போன தடவை நீங்கதானே சார் எழுதினீங்க" என்று என் கையெழுத்தையே காட்டினார்கள்.

குரோஷியஸ் பிறகு அரசியல் சண்டையில் ஆயுள் கைதியானார். 1621-ல் மனைவி மரியா அவரைப் புத்தகப் பெட்டிக்குள் வைத்துக் கோட்டைச் சிறையிலிருந்து வெளியே அனுப்பினார். 1625-ல் பாரிஸில், 'போர், அமைதிச் சட்டம்' வெளிவந்தது. யுத்தத்திலும் கட்டுப்பாடு உண்டு என்ற அந்த நூலை எந்தக் கம்பெனியும் கேட்டு எழுதவில்லை.

நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று. 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் நடத்தியவர் அலெக்ஸாண்ட்ரோவிச். இந்துமகா சமுத்திரத்தில் கப்பல்கள் தடையின்றிப் போய்வந்த பழைய வழக்கமும் குரோஷியஸுக்குக் கைகொடுத்திருக்கும் என்பது அவர் கட்சி. எல்லோரும் ஒப்பவில்லை. 1967-ல் வந்த அவர் நூலின் பழைய பிரதி யாரிடமாவது இருந்தா, டீ குடிக்கும்போது சொல்லுங்க, படிச்சிட்டு பத்திரமா திருப்பித் தந்துடறேன்.