எந்த ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது?

பாரிசவாதம் பற்றிப் போனமுறை பேசிய பிறகு கூடுதலாக வந்த கேள்வி: "கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தானே முதலில் கொண்டுபோக வேணும்?" மூச்சுத் திணறினால் அப்படித்தான். மற்றபடி, ஸ்கான் உள்ள இடத்துக்கு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சுக் குழறினால், மூளையில் இரத்தக் குழாய் அடைத்ததா, வெடித்ததா என்று சி.ரி. ஸ்கான் பார்க்காமல் எந்தக் கெட்டிக்கார டொக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பென்றால் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேணும். கசிவென்றால் அதே ஊசி உயிருக்கே உலை. வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள் என்பதும் இதனால்தான். அந்த நாலரை மணியும் ஆள் கடைசியாகச் சுகமாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, நீங்கள் கண்ட நேரத்திலிருந்து அல்ல.

எங்கே போவது என்பதை வெருகலிலோ புல்மோட்டையிலோ ஒரு குடும்பம் நடுச்சாமத்தில் யோசிக்கக்கூடாது. திருகோணமலை மாவட்டம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேணும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து பாதைப்படகுக்குக் காத்திருந்த காலம் போனது. ஆனால் ஆளை ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கி, துண்டு எழுதி, இன்னொரு அம்புலன்ஸ் தேடினால் பாலம் மிச்சம் பிடித்த நேரம் வாட்டிலேயே கரையும். துறைமுகத்துக்குக் கப்பல்கூடச் சொல்லாமல் வருவதில்லை. 1990 அம்புலன்ஸ் வழியிலிருந்தே அறிவித்தால் ஸ்கான் மேசை தயாராக இருக்கும். அன்றைக்கு மெஷின் பழுதென்றால் கந்தளாய்க்காரரை நேரே அநுராதபுரத்துக்குத் திருப்பலாம். லண்டனில் 2010இல் எட்டு ஆஸ்பத்திரிகளைக் குறித்து, கிட்டியவற்றைத் தாண்டியே அம்புலன்ஸை ஓடவிட்டார்கள், இறப்புக் குறைந்தது.

"லண்டனும் திருகோணமலையும் ஒன்றா, நிபுணருக்கு எங்கே போவது?" என்கிறார்கள். சரி, இமாச்சலப் பிரதேசத்தைப் பாருங்கள். மலைப் பிரதேசம், நரம்பியல் நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. 2014இலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரி டொக்டர்களே ஸ்கான் படத்தை ஃபோனில் நிபுணருக்குக் காட்டி, கேட்டு, ஊசி போட்டார்கள். ஆளை மலைப்பாதையில் அலைக்காமல் படத்தை அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

"நேரம் தப்பிப் போனவர்களுக்கு இதனால் என்ன?" இதைக் கேட்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை குறைவு. தனிப் பாரிசவாதப் பிரிவில் பார்க்கப்பட்டவர்கள் ஊசி போடாமலேயே கூடுதலாகப் பிழைக்கிறார்கள், பிறர் தயவில்லாமல் நடமாடுகிறார்கள். விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே கஞ்சி கொடுப்பது, இரண்டொரு நாளில் எழுப்பி இருத்துவது, பயிற்சியை உடனே தொடங்குவது: பயிற்சி பெற்ற தாதியர் செய்கிற வேலை இது. அந்த முதல் நாட்கள் கழிந்ததும் மூதூர்க்காரரை மூதூர் ஆதார வைத்தியசாலைக்கே திருப்பி அனுப்பலாம். பயிற்சி மாதக்கணக்கில் நடக்கும், வீட்டார் தினமும் வந்து பார்க்க வேணுமே.