குளோரின் காத்ததும் காக்கத் தவறியதும்

(கிட்வாய் நகரில் தில்லித் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் கிட்வாய் நகர் அரசு ஊழியர்களுக்காக 1950களில் எழுந்த குடியிருப்பு. அதே பத்தாண்டில், 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், தில்லியை மஞ்சள் காமாலை சூறையாடியது. கண் மஞ்சளித்து நோயுற்றோர் மட்டும் ஏறத்தாழ 29,300 பேர் என மதிப்பிடப்பட்டது. கர்ப்பிணிப் பெண்கள் ஏனையோரைவிடக் கூடுதல் விகிதத்தில் மாண்டனர்.

மாநகருக்கான குடிநீர் வஜீராபாத்தில் யமுனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் சாக்கடையை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்திற்குப் பின் ஆறு போக்கு மாறியது. நவம்பர் நடுவில் ஏறத்தாழ ஒரு வாரம், சாக்கடை பின்னோக்கி ஏறி நீரெடுக்கும் இடத்தையே அடைந்தது. பொறியாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. குளோரின் அளவை உயர்த்தினர். டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பெருகாமல் அடங்கின. எனினும் சில வாரங்களில் காமாலை வீடுவீடாக நுழைந்தது. பாக்டீரியா மடிந்தது, வைரஸ் பிழைத்தது.

அந்த வைரஸ் எதுவென்று அன்று எவருக்கும் தெரியாது. 1983இல் சோவியத் அறிவியலாளர் மிகயீல் பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே விழுங்கி, நோயுற்று, அதனை அடையாளம் காட்டினார். இன்று அது ஹெபடைடிஸ் ஈ எனப்படுகிறது.

குடிநீரில் குளோரின் கலக்கும் முறைக்கு வழிகாட்டிய நகரங்களுள் ஒன்று இங்கிலாந்தின் லிங்கன். அங்கு 1905இல் டைபாய்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அலெக்சாண்டர் ஹூஸ்டன் நகரின் நீரில் குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து கலக்கச் செய்தார், நோய் தணிந்தது. ஆயினும் லிங்கன் அத்துடன் மனநிறைவு கொள்ளவில்லை என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1911இல் எல்கெஸ்லியிலிருந்து, இருபது மைலுக்கும் மேல் குழாய் பதித்து, புதிய நீரையே கொண்டுவந்தது. மருந்தை அது இடைக்கால ஏற்பாடாகவே கருதியது. நம் ஆட்சியாளர்களுக்கோ மருந்தே திட்டம்!

தில்லியின் பேரிடரை ஆற்றின் மீது சுமத்துவது எளிது. வாய்க்காலின் வாயருகே நீரெடுத்தது ஆறு அன்று. 1988இல் யமுனைக்கு அப்பாலுள்ள மறுகுடியேற்றக் குடியிருப்புகளில் காலரா பரவியபோதும் இதே கதைதான். குடிசைகளை இடித்து அங்கே அனுப்பப்பட்ட உழைப்பாளிகளுக்குக் கிடைத்தவை, ஆழமற்ற கைப்பம்புகளும் மூடப்படாத சாக்கடைகளும்.

பாக்டீரியாவுக்கான வழக்கமான நீர்ப் பரிசோதனை வைரஸைக் காட்டாது. எனவே பரிசோதனைச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினால் திரும்பிவிடாதீர்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடும் தெருக்களை ஒவ்வொரு கிளையும் நடந்து பார்த்து, மழைக்காலத்திற்கு முன் பட்டியலை மாவட்டக் குழுவிடம் அளிக்க வேண்டும்.