மெய்யர், பொய்யர், மூன்றாவது சாட்சி



'போரடிக்காம ஏதாவது பேசுப்பா' என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஹாஸ்டல் மாடியில் ராத்திரி முழுக்க நாம் மண்டையை உடைத்துக்கொண்ட புதிர்களையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தீவு. அங்கே மெய்யர் எப்போதும் உண்மையே பேசுவார். பொய்யர் எப்போதும் பொய்யே பேசுவார். அமெரிக்கத் தர்க்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்யன் 1978-ல் எழுதிய புத்தகம் இத்தகைய புதிர்களைப் பிரபலமாக்கியது.

முத்துவும் மாரியும் எதிரே வருகிறார்கள். 'நாங்க ரெண்டு பேருமே பொய்யர்' என்கிறார் முத்து. முத்து மெய்யர் என்று வைத்துக்கொண்டால், தன் வாயாலேயே பொய்யர் ஆகிவிடுகிறார். ஒத்துவரவில்லை. ஆகவே முத்து பொய்யர். அவர் சொன்னது பொய் என்றால், இருவரில் ஒருவராவது மெய்யர். அது மாரிதான். ஒரே வாக்கியத்தில் இருவர் குட்டும் வெளிப்பட்டுப் போச்சு!

அடுத்தது. முத்து, 'மாரி பொய்யர்' என்கிறார். மாரியோ, 'முத்துதான் பொய்யர்' என்கிறார். முத்துவை மெய்யராக வைத்தாலும் முரண் இல்லை. மாரியை வைத்தாலும் முரண் இல்லை. ஒருவர் மட்டும் பொய்யர் என்பது நிச்சயம். யார்? இதை வைத்துச் சொல்லவே முடியாது. 'கேள்வியே தப்பு'ன்னு பலர் விட்டுடுவாங்க. என்னைப் பொறுத்தவரை இதுதான் எஞ்சினியருக்கான புதிர்.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், எதிர்க்காற்றுக்கு இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்க இரண்டு சென்சார்கள் உண்டு. ஆனால் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் 'எம்கேஸ்' என்ற அமைப்பு, ஒரு நேரத்தில் ஒன்றின் பேச்சை மட்டுமே கேட்டது. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் விமானத்தில் இரண்டு அளவுகளுக்கும் சுமார் 20 டிகிரி வித்தியாசம். எம்கேஸ் நம்பியது பொய்யரை. 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் விமானத்திலும் தவறான அளவே எம்கேஸை இயக்கியது, 157 பேர். விபத்துகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரே சாட்சியை நம்பியது பெரிய காரணம்.

பிறகு செய்த திருத்தம் என்ன தெரியுமா? இரண்டையும் ஒப்பிடு; பேச்சு ஒத்துப்போகாவிட்டால் எம்கேஸ் தலையிடாதே. யார் பொய்யர் என்று கண்டுபிடிக்கவில்லை. 'தெரியாது' என்று இயந்திரத்துக்கு ஒப்புக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தெரிந்தே ஆகணும் என்றால் மூன்றாவது சாட்சி வேண்டும். ஆலைகளில் மூன்று சென்சார் வைத்து, இரண்டு சொல்வதை ஏற்பது இதனால்தான். அதிலும், ஒன்றுக்கு மேல் கெடாது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது.

தம்பி, தங்கைகளே, புதிரைப் போடும்போது விடையோடு நிறுத்தாதீங்க. 'இந்தத் தகவல் போதுமா?' என்றும் கேளுங்க. நாளைக்கு உங்கள் டிசைனை நம்பி நிறையப் பேர் பயணம் செய்வார்கள்.