ஷிப்ட் வீட்டின் பருவங்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில், விடியுமுன்பே பல வீடுகளில் விளக்கு எரியும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் சாப்பாட்டுத் தூக்கை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். கொஞ்ச நேரத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர் திரும்பி வருவார். குளித்து, இட்லியோ பழையதோ சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்குப் பழம் புடவையைத் திரையாகக் கட்டிப் படுப்பார். அவர் படுத்ததும் வீட்டின் சத்தம் அடங்கிவிடும். பாத்திரத்தைப் பார்த்து வைப்பார்கள். டி.வி. அணையும். நாலு வயதுக் குழந்தைகூட நுனிக்காலில் நடக்கும்.

யார் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். வகுப்பில் எந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட் என்பதை யாரையும் கேட்காமலே அவர் கண்டுபிடித்துவிடுவாராம். அந்தப் பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் வரும். பெஞ்சை இழுக்காது, தூக்கி நகர்த்தும். வீட்டில் பழகிய அடக்கம் பள்ளிக்கும் கூடவே வந்துவிடும். "இங்க யாரும் தூங்கலடா, சத்தமா பேசு" என்பாராம் ஆசிரியர்.

மன வளர்ச்சி பற்றிய பாடநூல்கள் வாழ்க்கையை ஏணிப்படியாக வரைந்து காட்டுகின்றன: சிசு, குழந்தை, வளரிளம் பருவம், வாலிபம், நடுவயது, முதுமை. படத்தில் ஒரே ஆள் தனியாக ஏறிக்கொண்டிருப்பார். தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காட்டிலோ செம்மங்குப்பத்திலோ ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் ஆட்கள் நிற்பது தெரியும். அப்பாவின் ஷிப்ட் மகளின் குரலைத் தாழ்த்துகிறது. பாட்டியின் முழங்கால் வலி, அம்மா வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒருவர் பருவம் இன்னொருவர் பருவத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு வளர்ச்சியைப் பேசினால் பாதிதான் பேசினதாகும்.

இந்த விஷயம் தமிழுக்குப் புதிதும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுகின்றன. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. நிலாவைக் கூப்பிடுவது அம்புலி. குழந்தையின் உடலும் கவனமும் எந்த வரிசையில் வளர்கின்றன என்பதைப் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் குழந்தையோடு ஒரு பெரியவர் இருக்கிறார். ஆடு என்பவரும் வா என்பவரும் முத்தம் கேட்பவரும் இல்லாமல் அந்தப் பருவமே இல்லை.

உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் இதையே ஆய்வு முறையில் பார்த்தவர். 1950-களின் நடுவில் உகாண்டாவில் கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு மாதக்கணக்கில் போய் உட்கார்ந்து தாயையும் சேயையும் கவனித்தார். ஜான் பௌல்பி சொன்ன பற்றுறவு என்ற கருத்துக்கு அங்கேதான் உயிருள்ள சான்று கிடைத்தது. குழந்தை தாயிடமிருந்து நகர்ந்து போகிறது, திரும்பிப் பார்க்கிறது, அவள் இருப்பதைக் கண்டு இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. அந்தத் திரும்பிப் பார்த்தலில் இருக்கிறது எல்லாம். குழந்தையின் சைகையைப் புரிந்துகொண்டு பதில் தரும் ஆள் இருக்கிறாரா என்பதே எய்ன்ஸ்வொர்த் கண்ட பெரிய வித்தியாசம். ஒப்பந்த வேலைக்குப் போகும் தாயின் குழந்தை பாட்டியைத் திரும்பிப் பார்க்கிறதென்றால், பாட்டியும் அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு அவருக்குக் கண் தெரிய வேண்டும், அன்று காலை அவர் சாப்பிட்டிருக்க வேண்டும். முதியவருக்கு ஒரு கண்புரை அறுவை செய்தால் பேரக்குழந்தையின் மன நலத்துக்கும் வைத்தியம் செய்த மாதிரிதான்.

உளவியலாளர் ஜான் பியாஜே சொன்னவற்றில் தமிழ் வீட்டில் உடனே சோதித்துப் பார்க்கக்கூடியது தண்ணீர்ச் சோதனை. சொம்பிலிருக்கும் தண்ணீரைக் குழந்தையின் கண் முன்னாலேயே உயரமான டம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை "இதுலதான் நிறைய" என்று டம்ளரைக் காட்டும். ஏழு வயதை ஒட்டி, "அதே தண்ணிதானே" என்று சொல்லத் தொடங்கும். மூளை முதிர்ந்தால் போதும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 1969-இல் வெளியான மெக்சிகோ ஆய்வு ஒன்றில், மண்பாண்டம் வனைகிறவர்களின் பிள்ளைகள் களிமண் உருண்டையை வைத்துச் செய்த அதே வகைச் சோதனையில் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். வீட்டுத் தொழில் பிள்ளையின் அறிவுக்குள் இறங்கியிருந்தது. இங்குள்ள உப்பனாற்றங்கரையில் மீனைக் கூறு போட்டுப் பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அளவும் பங்கும் கரையிலேயே பாடமாகிவிடும். அவன் அப்பா ஆற்றை விட்டு கம்பெனிக்குப் போனபோது மகனுக்கு அந்தப் பாடமும் நின்றுபோயிற்று. குடும்பத்தின் வருமானக் கணக்கில் இது ஏறுவதில்லை.

வளரிளம் பருவத்துக்கு வந்தால் உளவியலாளர் எரிக் எரிக்சனைத் தாண்டிப் போக முடியாது. பெற்ற தகப்பன் யாரென்று அறியாமல், மாற்றாந் தந்தையின் பெயரைச் சுமந்து வளர்ந்தவர் அவர். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். "நான் யார்" என்ற கேள்வியை வளரிளம் பருவத்தின் நடுவில் அவர் வைத்ததற்குப் பின்னால் அவருடைய சொந்த வாழ்க்கையும் இருந்தது. தொழிற்பேட்டை ஊர்களில் இந்தக் கேள்வி வேறு சொற்களில் வரும். ஐ.டி.ஐ. முடித்தவனை உறவினர் கேட்பது, "பெர்மனென்டா, காண்ட்ராக்டா?" பத்து வருடம் ஒரே வாசலில் நுழைந்தும், அடையாள அட்டையில் ஒப்பந்தக்காரர் பெயரே இருக்கிறதென்றால், அந்த இளைஞன் தன்னை எந்தத் தொழிலின் ஆளாக நினைத்துக்கொள்வான்? பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் என்ன சொல்வான்? அடையாளம் மனத்துக்குள் மட்டும் உருவாவதில்லை, எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும் என்று எரிக்சன் வற்புறுத்தினார். அந்த ஒப்புதல் இங்கே ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது.

நடுவயதைப் பற்றி எரிக்சன் சொன்னது அவருடைய எட்டுப் பருவங்களில் ஏழாவது. அடுத்த தலைமுறையை உருவாக்கி, காத்து, வழிநடத்தும் அக்கறை அப்போது முதிர்கிறது. அதைப் 'பேணுதல்' என்று தமிழில் சொல்லலாம். அது முதிராவிட்டால் மனிதர் தேங்கிப்போவார். இந்தக் கருத்தைப் பெரிதாக விரித்து எழுத அவர் தேர்ந்தெடுத்தது ஓர் இந்தியத் தொழில் நகரத்தை. 1962-இல் அகமதாபாத்துக்கு வந்தவர், 1918-இல் அங்கு நடந்த மில் வேலைநிறுத்தத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் பக்கம் அனசூயா சாராபாய். முதலாளிகள் பக்கம் அவருடைய உடன்பிறந்தவரான அம்பாலால் சாராபாய். நடுவில் 48 வயதுக் காந்தி. தொழிலாளர் சோர்ந்தபோது அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. 1969-இல் வந்த எரிக்சனின் நூல், ஒரு நடுவயது மனிதர் ஊரார் பிள்ளைகளையெல்லாம் தன் பொறுப்பாக்கிக்கொண்ட கதையாகவே அதைப் படித்துக் காட்டுகிறது.

கடலூருக்கு அகமதாபாத் வரை போக வேண்டிய அவசியமில்லை. 2004-இல் சிப்காட் கிராமத்து மக்கள் சிலர் தங்கள் காற்றைத் தாங்களே பிடித்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சிறு பம்பு, இவ்வளவுதான் கருவி. எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன வாடை வந்தது என்று நோட்டில் எழுதினார்கள். அழுகிய முட்டை வாடை, நகப்பூச்சு வாடை என்று தங்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரால் ஒவ்வொன்றையும் குறித்தார்கள். பிடித்த காற்று கலிபோர்னியா ஆய்வகத்துக்குப் போயிற்று. 22 வேதிப்பொருள்கள் இருப்பதாக அறிக்கை வந்தது.

அந்த நோட்டைக் கையில் எடுத்தவர்களை உளவியல் நூல் எழுதுகிறவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். நள்ளிரவில் வாடை வந்தால் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது எளிதான வேலை இல்லை. மறுநாள் கூலிக்குப் போக வேண்டும். அண்ணன் தம்பியோ மருமகனோ அதே பேட்டையில் வேலை பார்ப்பார், வீட்டிலேயே பேச்சு வரும். இருந்தும் அவர்கள் எழுதினார்கள். தன் மூக்கு எப்போதோ பழகிவிட்டது, பிள்ளைகளின் மூக்காவது பிழைக்கட்டும் என்ற எண்ணம் இல்லாமல் இதை யாரும் செய்ய மாட்டார்கள். எரிக்சனின் ஏழாவது பருவத்துக்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டு கேட்டால், அந்த வாளியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

எல்லாரும் ஒரே வயதில் ஒரே சம்பவத்தைச் சந்திப்பதில்லை என்பதைக் காட்டியவர் சமூகவியலாளர் கிளென் எல்டர். 1930-களின் பொருளாதார மந்தம் அமெரிக்கப் பிள்ளைகளை என்ன செய்தது என்பதை 1974-இல் நூலாக்கினார். மந்தம் வந்தபோது பத்து வயதைத் தாண்டியிருந்தவர்கள் சின்ன வேலைகளுக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார்கள், அதில் பலம் பெற்றார்கள். சிசுப் பருவத்தில் மாட்டிக்கொண்ட பையன்கள் கூடுதலாக அடிபட்டார்கள். கடலூர் மாவட்டத்துக்கு 2004 டிசம்பர் 26-இல் சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம். சுனாமியின்போது கைக்குழந்தையாக இருந்தவளுக்கு அலை நினைவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அம்மாவின் கை இறுகுவது மட்டும் தெரியும். பன்னிரண்டு வயதில் இருந்தவன் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். இருவரையும் 'பாதிக்கப்பட்டோர்' என்ற ஒரே பட்டியலில் சேர்த்து ஒரே ஆலோசனை சொன்னால் இருவருக்குமே அது போய்ச் சேராது.

பழைய தமிழ் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகச் சொல்லும். பேதையில் தொடங்கி பேரிளம்பெண்ணில், 40 வயதோடு, அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. 40-க்கு மேல் பெயரே இல்லை. இது கண்ணை உறுத்தும் விடுபடல். தொழிற்பேட்டை ஊர்களில் நாற்பதைத் தாண்டிய பெண்கள்தான் கேட் திறக்குமுன் துடைப்பத்தோடு வரிசையில் நிற்கிறார்கள், மகளிர் குழுத் தவணையைக் கட்டுகிறார்கள், நைட் ஷிப்ட் மருமகனுக்காகத் தெருப் பிள்ளைகளை அதட்டுகிறார்கள்.

வேலை நின்றபின் மனம் என்ன ஆகிறது என்பதற்கு ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமம் சாட்சி. அங்கிருந்த ஒரே நூற்பாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. உளவியலாளர் மரீ யஹோதாவும் தோழர்களும் அங்கே போய்த் தங்கிப் பார்த்தார்கள். ஆண்களுக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது, ஆனால் நூலகத்தில் எடுக்கும் புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தெருவில் நடக்கும் வேகம் தளர்ந்தது, அடிக்கடி நின்றார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள், வீட்டு வேலை அவர்களுக்கு நிற்கவில்லை. கூலி தவிர, நாளுக்கு ஒரு வடிவத்தையும் வேலை கொடுத்துவந்தது என்பது அது போனபிறகுதான் தெரிந்தது. இங்கே சங்கு ஊதும் நேரத்துக்கு முப்பது வருடம் எழுந்தவர், 58 வயதில் வேலை நின்ற மறுநாளும் அதே நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். எழுந்து வாசலில் உட்காருவார். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகை அவருடைய நாளை நிரப்பாது.

முதுமையைத் தேய்மானமாக மட்டும் பார்க்காதவர் ஜெர்மனியின் உளவியலாளர் பால் பால்டிஸ். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் தள்ளாத வயதிலும் எப்படி வாசித்தார் என்பது அவருக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. ரூபின்ஸ்டைன் குறைவான உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றையே அதிகமாகப் பயிற்சி செய்தார். வேகமான இடம் வருமுன் சற்று மெதுவாக வாசித்து, பின்வருவதை வேகமாகக் கேட்க வைத்தார். சொன்னஞ்சாவடிப் பக்கம் வயதான மீனவர் ஒருவர் ஆற்றில் செய்வதும் இதுதான். பெரிய வலையை மகனிடம் கொடுத்துவிட்டார். ஏற்றவற்றம் பார்த்து இரண்டு இடத்தில் மட்டும் வீச்சுவலை வீசுவார். தோள் சோர்ந்ததை நீரோட்டம் தெரிந்த கண் ஈடுகட்டுகிறது. ஆறு கெட்டுப்போனால் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போகும். அவருடைய முதுமைக்குச் செய்யும் உதவி உப்பனாற்றைச் சுத்தமாக வைப்பதில் தொடங்குகிறது.

கடலூரிலிருந்து போகும் இதே சாலையின் மறு முனையில், சிதம்பரத்தில், 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உளவியல் படிக்கும் மாணவர்கள் வேறு நாட்டில் தயாரித்த வினாத்தாளை மொழிபெயர்த்துக்கொண்டு வருவதைவிட, எய்ன்ஸ்வொர்த் உட்கார்ந்த மாதிரி ஒரே தெருவில் ஒரு வருடம் வந்து உட்காரலாம். அவர்களுக்கு ஒரு நோட்டு போதும். இந்த வாரம் வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட், யார் எப்போது தூங்கினார்கள், பாட்டி எத்தனை மணி நேரம் குழந்தையைப் பார்த்தார், வேலை விட்டவர் வாசலிலிருந்து எப்போது எழுந்தார், பையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தானா, காலில் போட்டுக்கொண்டு நுழைந்தானா.