கற்பக மரங்கள் வாடிய பின்

(அட்சய திருதியை விழாவையொட்டிக் கோபாலபுரத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

 

உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டெனில், இதனினும் நல்லதோர் உலகை அவன் படைத்திருக்கலாகாதா? இவ்வினா மேனாட்டு நூல்கள் வழியே தமிழுக்கு வந்ததென்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் இதனை முன்பே எழுப்பிவிட்டார். ஒரே ஊரில் ஒரு வீட்டில் சாப்பறை, மறு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், மற்றொருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இதைக் கண்ட புலவர், இவ்வாறு படைத்தவன் பண்பற்றவன் என்று வெளிப்படையாகவே பழித்தார்.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இரவச்சம் என்னும் அதிகாரத்தில், 1062ஆம் குறளில், இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனில் உலகை இயற்றியவனும் அலைந்து கெடுக என்று சாபமே இட்டார். இக்குறள் தமிழ்ச் சமணருக்குச் சற்றே இடையூறு தருவது. குறள் சமண நூலே என்று வாதிட்ட பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் திருக்குறள் பதிப்பு 1953இல் வெளிவந்தது. சமண நூலெனில் படைத்தவன் அதில் எங்கிருந்து வந்தான் என்று கேட்போருக்கு விடை கூற வேண்டுமன்றோ! பரிமேலழகரும் படைத்தவன் என்றே பொருள் கொண்டார். இதே கோபாலபுரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கலைஞர் மு. கருணாநிதி தம் குறளுரையில், படைத்தவனாகச் சொல்லப்படுபவன் என ஒரு சொல்லைச் சேர்த்தே பொருள் எழுதினார். பகுத்தறிவாளர் ஒருவர் தம் கொள்கைக்காகச் செய்த சேர்க்கை அது. ஆயினும் குறளின் அமைப்பிற்கு அது முரணன்று. அவ்வாறு இருக்குமாயின் அவன் கெடுக என்பது ஒருவனது இருப்பை ஒப்புக்கொண்டதாகாது.

மேனாட்டில் இவ்வழக்கு வேறு வகையில் நடந்தது. படைக்கத் தகுந்த உலகங்களுள் இதுவே சிறந்தது என்று ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1710இல் எழுதினார். 1755 நவம்பர் 1 அன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த திருநாட்காலையில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. கடல் பொங்கியது, தீயும் பரவியது. நான்கு ஆண்டுகளில் வால்டேர் தம் 'கேண்டீட்' என்னும் கதையால் லைப்னிட்ஸின் கொள்கையை எள்ளி நகையாடினார். 2004 டிசம்பர் 26 அன்று சென்னைக் கரையைக் கடல் விழுங்கிய காலையிலும் பலர் வாயில் எழுந்தது அதே கேள்விதான்.

கருணையால் படைத்தான் எனில் எல்லாரையும் இன்பமுடையோராகவே படைத்திருக்கலாமே என ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் தம் ஆதிபுராணத்தில் கேட்டுவிட்டார். விளையாட்டாகப் படைத்தான் எனில் அது சிறுபிள்ளைச் செயலாகாதா என்றும் அவர் கேட்டார். இவை யாவரும் அறிந்த வாதங்கள். அதே நூல் வேறொன்றையும் கூறுகிறது. அதைத்தான் இங்கு விரித்துரைக்க வேண்டும்.

குற்றமற்ற உலகம் எவ்வாறு இருக்கும் என்பதைச் சமண ஆகமம் கற்பனைக்கு விடவில்லை. அதற்குப் போகபூமி என்று பெயர். இப்பரத கண்டமே முற்காலத்தில் அவ்வாறு இருந்தது. பத்து வகைக் கற்பக மரங்கள் உணவு, ஆடை, அணி, விளக்கு, இசைக்கருவி, இல்லம் என வேண்டுவன யாவற்றையும் அளித்தன. உழவில்லை, பிணியில்லை, இரப்போரும் இல்லை. ஆணும் பெண்ணுமாக இரட்டையர் பிறந்து இணைந்தே வாழ்ந்தனர். நன்கணியார் அங்கே பிறந்திருந்தால் அப்பாடலுக்கு வேலையே இருந்திராது.

ஆனால் அங்கிருந்து ஒருவரும் வீடுபேறு அடைந்ததில்லை. விரதம் ஏற்போர் அங்கில்லை. ஆகவே துறவும் இல்லை. வீட்டிற்கு வழி கர்மபூமியிலிருந்தே திறக்கிறது. பசியும் உழைப்பும் உள்ள இவ்வுலகமே அக்கர்மபூமி.

அவ்வாறாயின் துன்பம் நன்மைக்கே என்பதாகாதா என ஐயம் எழலாம். ஆகாது. ஆன்மாவைப் பக்குவப்படுத்தவே இறைவன் துன்பத்தை அனுப்புகிறான் என்பது பிற சமயத்தார் கூறும் விடை. சமணத்தில் துன்பத்தை அனுப்புவோர் எவருமிலர். காலம் தேய்ந்தது, கற்பக மரங்கள் வாடின, அவ்வளவே. அது தண்டனையுமன்று, பாடமுமன்று.

இதனினும் கடினமான ஐயம் ஒன்றுண்டு. படைத்தவனை நீக்கிவிட்டு அவ்விடத்தில் வினையை வைத்தால், பசித்தவனைப் பார்த்து 'அது உன் வினை' என்று கூறிவிட்டுக் கடந்து போகலாமா? போவோர் உண்டு, சமணக் குடும்பங்களிலும் உண்டு. அவர்கள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைப் படித்தவராகார். எல்லா உயிர்களிடத்தும் இரக்கமும் தானமும் இன்பம் தரும் வினைக்குக் காரணம் என்றும், தனக்கோ பிறர்க்கோ துயர் விளைத்தல் துன்பம் தரும் வினைக்குக் காரணம் என்றும் அங்கு உரைக்கப்பட்டுள்ளது. பசித்தவனுடைய பழவினையை அளந்து சொல்ல வழியில் போகிறவனுக்கு ஞானமில்லை. அவனுக்குரியது அந்நேரத்தில் அவன் செய்வது மட்டுமே. ஆகாரம், மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானமும் அவ்விடத்திற்காகவே வகுக்கப்பட்டன. பாறைக் குகைகளில் வாழ்ந்த முனிவருக்கு அக்காலத்து ஊரார் ஊற்றிய கஞ்சியும் அதிலடங்கும்.

கற்பக மரங்கள் வாடியபோது மக்கள் நாபிராஜரிடமும் அவர் மகன் ரிஷபரிடமும் பசியோடு வந்து நின்றனர். ரிஷபர் புதிய மரங்களைப் படைத்துத் தரவில்லை. வாள், எழுத்து, உழவு, வித்தை, வணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். உலகை இயற்றியவர் என்னும் சொல் சமண மரபில் ஒருவருக்குப் பொருந்துமெனில் அது அவருக்கே பொருந்தும். அவர் இயற்றியது மண்ணையும் கடலையும் அன்று; வாழும் முறையை. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இருகப்பர் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் அவர் வரலாறு ஓவியமாக உள்ளது. காணாதோர் பிள்ளைகளுடன் ஒருமுறை சென்று வருக.

வள்ளுவரின் சாபத்தை அவர்மேல் ஏற்றுவது பிழையாகும். ஆயினும் அவர் அலைந்தது உண்மை. துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாமல் யோகத்தில் நின்று, பின்னர் ஆகாரத்திற்காக ஊர்தோறும் நடந்தார். வாய் திறந்து அவர் எதையும் கேட்கவில்லை; முனிவர்க்கு இரத்தல் இல்லை. மக்கள் அன்புடையோராகவே இருந்தனர். மணிகளைக் கொண்டு வந்தனர். யானையும் குதிரையும் கொண்டு வந்தனர். தம் மகளிரையே அழைத்து வந்து நிறுத்தினோரும் உண்டு. அவர் கற்பித்த உழவால் வயல்கள் விளைந்திருந்தன. வீடுதோறும் உணவு இருந்தது. முனிவருக்கு எவ்வாறு அளிப்பது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. திங்கள்கள் கடந்தன. அஸ்தினாபுரத்தில் இளவரசர் சிரேயாம்சருக்கு, முற்பிறப்பில் முனிவருக்கு ஆகாரம் அளித்தது திடீரென நினைவிற்கு வந்தது. அரண்மனையில் அப்போது கருப்பஞ்சாறு இருந்தது. அதை முறைப்படி அவர் ஊற்ற, பகவான் கைகளைச் சேர்த்து ஏந்தினார்.