கல்லில் இல்லாத குறிகள்



திருமலைக் கோயில் கல்வெட்டுகளை நூலாக்கும் வேலையைத் தேவஸ்தானம் தொடங்கி, 1931-இல் முதல் தொகுதியை வெளியிட்டது. பதிப்பித்தவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. திருப்பதி, சித்தூர்ப் பக்கத்துப் பழைய கல்வெட்டுகளில் நிறைய தமிழில்தான் இருக்கின்றன.

கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டினால், எழுத்துகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகள் கண்ணில் படும். அவை சிற்பி வெட்டியவை அல்ல, படித்தவர் போட்டவை. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் வெறும் அடைப்புக்குள் ஓர் எழுத்து இருந்தால், அது கல்லில் மங்கிக் கிடக்கிறது என்று கொள்ளவேண்டும். கூடவே ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தால், கல்லில் அந்த எழுத்தே இல்லை, பதிப்பாசிரியர் சேர்த்தது.

கணினிக்காரர்கள் மார்க்கப் மொழி என்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. வாசகத்தில் கைவைக்காமல், அதைப் பற்றிய செய்தியை அதற்குள்ளேயே குறியிட்டுச் சொல்வது. 1998-இல் வந்த எக்ஸ்.எம்.எல். என்ற மார்க்கப் மொழியில் அடைப்புக்குப் பதிலாகப் பெயர் வைத்த டேக்குகள். திறந்த டேக்கை மூடியாக வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூடவேண்டும். இதுதான் தொடரியல். பிசகினால் கணினி எந்த வரி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பொருள் விஷயம் அப்படியல்ல. அதே 1931-இல் ஐரோப்பிய அறிஞர்கள் லெய்டனில் கூடி ஒரு குறிமுறையை வகுத்தார்கள். அதில் வெறும் சதுர அடைப்புக்கே, அழிந்துபோனதை ஆசிரியர் நிரப்பியிருக்கிறார் என்று பொருள். நம் தொகுதியில் மங்கலாகவேனும் தெரிகிற எழுத்து, அங்கே இல்லாமலே போன எழுத்து! இந்தக் குழப்பம் கூடாதென்றுதான் கல்வெட்டுகளுக்கான எபிடாக் முறையில் மங்கியதற்கு ஒரு டேக், நிரப்பியதற்கு வேறொரு டேக். எதை எங்கே போடுவது என்று விளக்கும் வழிகாட்டியும் உண்டு.

இத்தனை செய்தும், டேக்குக்குள் இருப்பது உண்மையா என்று கணினி சொல்லாது. திருமலைக்கு வெள்ளித் திருமேனி வழங்கிய சாமவையின் கல்வெட்டில் இருப்பது அரசனின் ஆட்சியாண்டு. அதைக் கி.பி. 614 என்பாரும் உண்டு, 966 என்பாரும் உண்டு. தேதி டேக்கில் எதைப் போட்டாலும் தொடரியல் சுத்தம். இடையில் முந்நூற்றைம்பது ஆண்டு தொங்குகிறது. அதைத் தீர்க்கவேண்டியவர் எழுத்தமைதியும் வரலாறும் அறிந்த மனிதர்தான்.

உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் படியெடுக்கிறீர்களா? என்ன குறி வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.